ஸ்டைலு நல்லாருக்கு தோழர், செத்தவன் யாரு?

‘ஸ்டைல் பிரமாதம் தோழர், உள்ளடக்கம்தான் ஒண்ணுமில்ல.’

போன மாசம் மாணவத் தோழர்கள் சிலர் ஒரு மாடி அறையில் ‘காக்க காக்க’ படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு விவாதம் நடத்தினார்கள். 2003 ஆகஸ்டில் வந்த படம். அது வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகளும் அந்த அறையில் இருந்தார்கள். ஆர்.டி. ராஜசேகரின் ஒளிப்பதிவு, ஆன்டனியின் வெட்டு, ஹாரிஸ் ஜெயராஜின் இசை, சூர்யாவின் முடிவெட்டு என்று ஒவ்வொன்றாய் எடுத்துப் பேசி முடித்த பிறகு, தீர்ப்பு மாதிரி அந்த வாக்கியம் வந்து விழுந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பும்போதுதான் மண்டைக்குள் குடைய ஆரம்பித்தது: அந்த வாக்கியம் சரிதானா? நாம யாரைக் காப்பாத்த அதைச் சொல்றோம்?

உருவம் பெருசா உள்ளடக்கம் பெருசா என்கிற சண்டை நம் சிறுபத்திரிகைகளுக்குப் புதுசில்லை. கவிதை எழுதுகிறவன் என்பதால் அந்தச் சண்டையில் எனக்கும் ரெண்டு அடி விழுந்திருக்கிறது. உருவம் ஒரு பாத்திரம், உள்ளடக்கம் அதிலுள்ள கஞ்சி. பாத்திரம் பளபளப்பாயிருக்கு, கஞ்சி இல்லை - இதுதான் இந்த விமர்சனத்தின் சாரம். நான் சொல்கிறேன், கஞ்சி இருக்கிறது. நிறையவே இருக்கிறது. அதில் விஷம் கலந்திருக்கிறது. பாத்திரத்தின் பளபளப்பில் கண் கூசி நாம் அதைக் குடித்துவிட்டு, ‘வெறும் பாத்திரம்தான் சார்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

‘காக்க காக்க’வின் உள்ளடக்கம் என்ன? நாலு போலீஸ் அதிகாரிகள். ரவுடிகளைப் பிடித்துக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதில் நம்பிக்கை இல்லாதவர்கள். சுட்டுவிடுகிறார்கள். மனித உரிமைக்காரர்கள் குறுக்கே வந்து அந்தப் படையைக் கலைக்கிறார்கள். உடனே நகரத்துக்கு ஆபத்து வருகிறது, நாயகனின் வீட்டுக்குள்ளேயே வருகிறது. கட்டிய மனைவி சாகிறாள். ஆக, விசாரணை இல்லாமல் கொல்லும் உரிமை அதிகாரிக்கு வேண்டும், அதைத் தடுக்கிறவன் கொலைகாரனுக்குத் துணைபோகிறவன். இது உள்ளடக்கம் இல்லாத படமா? ஒரு அரசியல் கட்சி இதைத் துண்டறிக்கையாய் அடித்துக் கொடுத்தால் நாம் தெருவுக்கு வந்துவிடுவோம். நீல வெளிச்சத்தில், மழை ஈரத்தில், காதல் பாட்டோடு கொடுத்ததால் ‘கதை கொஞ்சம் வீக்’ என்றோம்.

தலைப்பைப் பாருங்கள். கந்த சஷ்டிக் கவசத்தின் சொல். பக்தன் உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் காக்கச் சொல்லி வேலை வேண்டுகிறான். இங்கே வேல் கிடையாது, பிஸ்டல். காக்கப்பட வேண்டிய உடம்புகள் எவை, துளைக்கப்பட வேண்டிய உடம்புகள் எவை என்பதை அந்த ரெண்டு வார்த்தையே பங்கு பிரித்துக் கொடுத்துவிடுகிறது. தலைப்பு வைத்தவர் இதையெல்லாம் யோசித்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. யோசிக்காமல் வருவதற்குப் பெயர்தானே கருத்தியல்.

இப்போது அந்த ‘ஸ்டைல்’ என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். படம் முழுக்கக் கதையைச் சொல்வது அன்புச்செல்வனின் குரல். அடிபட்டுக் கிடக்கும் நாயகனிடமிருந்துதான் படம் தொடங்குகிறது. அவன் நினைவு வழியாகத்தான் நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். சுடப்பட்டுச் செத்தவனுக்குக் குரல் கிடையாது. அவனுக்கு அம்மா இருந்தாளா, எந்தத் தெருவில் பிணம் இறங்கியது, யார் போய் மார்ச்சுவரி வாசலில் நின்றது - இதற்கெல்லாம் ஒரு ஷாட் கிடையாது. வேகமான வெட்டு என்கிறோமே, அந்த வேகம் செத்தவன் முகத்தின் மேல் கண் தங்கவிடாத வேகம். நிதானம் எல்லாம் சுட்டவனுக்கு. அவன் நடந்து வரும்போது காலம் மெதுவாகிறது. காதலிக்கும்போது காற்று வீசுகிறது. அவன் துக்கத்துக்கு இசை இருக்கிறது. யாருக்கு மெதுவாய்க் காட்டுவது, யாரைச் சட்டென்று வெட்டுவது - தோழர்களே, இதைவிடப் பெரிய உள்ளடக்கம் ஒரு சினிமாவில் என்ன இருக்க முடியும்?

நியாயமாய் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வில்லன் பாண்டியாவுக்கும் ஸ்டைல் உண்டு. நீளமுடி, பார்வை, நிதானம். அவன் கறுத்த சேரிப்பையனாகக் காட்டப்படவில்லை. ஆகவே ‘வில்லன் என்றால் நம்ம ஆளு’ என்கிற சுலபமான சூத்திரம் இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் தலைவனுக்குத்தான் அந்தச் சலுகை. அவனைச் சுற்றி நின்று சாகிறவர்களின் முகம் யாருக்காவது ஞாபகமிருக்கிறதா? எனக்கு இல்லை. நான் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஆமாம், பார்த்தேன். 2003இல் நான் பத்தாம் வகுப்பு. காலனியிலிருந்து டவுனுக்குச் சைக்கிளில் டபுள்ஸ் போட்டுக்கொண்டு நானும் பெரியப்பா மகனும் போனோம். எனக்கு ஆறு வயசு மூத்தவன் அண்ணன், சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். டிக்கெட் காசு அவனுடையது. அன்புச்செல்வன் திரையில் வந்ததும் அண்ணன் அடித்த விசில் இப்பவும் காதில் இருக்கிறது. மறுநாளே ரெண்டு பேரும் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டோம். ‘நீ படிச்சு போலீசாயிடுடா, ஆபீசரா’ என்றான். ஒரு வாரம் நான் கண்ணாடி முன்னால் நின்று உதடு அசையாமல் பேசிப் பழகினேன்.

அந்த வருசம் தை மாசம் ஊர்த்தெருக்காரர் ஒருவரின் கிணற்று மோட்டார் காணாமல் போனது. மோட்டார் காணாமல் போனால் ஜீப் எங்கே வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூணு பேரை ஏற்றினார்கள், அதில் அண்ணனும் ஒருத்தன். வழக்குப் பதிவு கிடையாது. நாலு ராத்திரி. பெரியம்மா தினமும் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷன் வாசலில் நின்றுவிட்டு, சோறோடு திரும்பி வந்தாள். அஞ்சாம் நாள் மோட்டார் கிடைத்துவிட்டது. எடுத்தது சொந்தக்காரரின் மச்சான்தான், கடனுக்கு விற்றிருக்கிறார். குடும்ப விவகாரம் என்று பேசி முடித்துக்கொண்டார்கள். அண்ணனைப் போகச் சொன்னார்கள். அவன் எப்படிப் போவான்? உள்ளங்கால் ரெண்டும் பிளந்திருந்தது. ரெண்டு பேர் தோளில் போட்டுத் தூக்கி வந்தோம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

பல வருசம் கழித்து ஒருநாள் குடித்திருந்தபோது சொன்னான்: ‘உள்ள ஒரு குண்டு பல்புடா. மஞ்சளா. அதும் தொங்கிட்டு ஆடிட்டே இருந்துச்சு.’ அவ்வளவுதான் சொன்னான். வெளிச்சத்தைப் பற்றி மட்டும். சினிமா விமர்சனம் எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த மஞ்சள் பல்புதான் ஞாபகம் வருகிறது. அதை நீலமாக்கியது யார்?

இதெல்லாம் சினிமா, சினிமாவைச் சினிமாவாகப் பாருங்கள் என்பார்கள். பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒரு கணக்கைத் தீர்த்துவிடலாம், நான் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன்.

2012 தொடக்கத்தில் சென்னையில் பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் ரெண்டு வங்கிக் கிளைகளில் பட்டப்பகலில் துப்பாக்கி காட்டிக் கொள்ளை நடந்தது. பிப்ரவரி 23 அதிகாலை, வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டுக்குள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள், தற்காப்புக்குத் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். வடமாநிலத்து ஆட்கள் என்றது. நான் வங்கியில் சேர்ந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. காலையில் பிராஞ்சுக்குள் நுழைந்தால் திருவிழா மாதிரி இருந்தது. பயந்துபோயிருந்தவர்கள்தான், அதை மறுக்கமாட்டேன். கேஷ் கவுன்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருகிறவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும், எனக்கும் இருந்தது. ஆனால் எங்கள் கேஷியர் சார் - நல்ல மனுசன், எனக்கு வவுச்சர் எழுதச் சொல்லிக் கொடுத்தவர் - கையைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக் காட்டிச் சொன்னார்: ‘காக்க காக்க மாதிரி போட்டுத் தள்ளிட்டாங்கப்பா.’

அன்றைக்கு எனக்கு விளங்கியது, ஒன்பது வருசத்துக்கு முன்னால் வந்த படத்தின் ‘உள்ளடக்கம்’ எங்கே பத்திரமாய் இருக்கிறதென்று. கதை மறந்துவிட்டது. மாயா டீச்சர் மறந்துவிட்டாள். கை நீட்டும் அந்த ஸ்டைல் மட்டும் நின்றது, தேவைப்பட்ட அன்றைக்கு அது அர்த்தமாக மாறிக்கொண்டது. அன்று சாயந்தரம் கேஷ் நூறு ரூபாய் குறைந்தது. ஏழரை மணி வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. கட்டுக் கட்டாய்ப் பிரித்து எண்ணினோம், வவுச்சரை மறுபடி மறுபடி கூட்டினோம். நூறு ரூபாய்க்கு இத்தனை பேர் சாட்சி, இத்தனை கையெழுத்து. ஐந்து உயிருக்கு அன்றைக்கு எங்கள் பிராஞ்சில் ஒருத்தரும் கணக்குக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வாய் திறந்தால் ‘நீ எந்தப் பக்கம்’ என்று வரும்; அதற்கு அடுத்த கேள்வி ‘நீ எந்தத் தெரு’. புதுசாய்ச் சேர்ந்த கோட்டாக்காரனுக்கு அந்தப் பயமும் இருந்தது.

சட்டம் கேட்கச் சொல்லியிருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 1997லேயே மோதல் சாவுகளை எப்படி விசாரிக்க வேண்டுமென்று மாநிலங்களுக்கு எழுதியது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பதினாறு வழிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சுட்ட ஸ்டேஷன்காரர்கள் அல்லாத வேறு ஆட்கள் விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கக் கூடாது. இந்தப் படங்களில் துப்பாக்கியை உறையில் போடுகிற இடத்தில் காட்சி முடிந்து பாட்டு தொடங்கிவிடுகிறது. சட்டப்படி பார்த்தால் அந்த இடத்தில்தான் கதையே தொடங்க வேண்டும். அந்தக் கதையை எந்தப் பெரிய ஒளிப்பதிவாளரும் நீலத்தில் எடுத்ததாய் எனக்குத் தெரியவில்லை.

‘கோர்ட்டுக்குப் போனா இருபது வருசம் ஆகும் சார், ரவுடி வெளிய வந்துருவான்’ என்பதுதான் இந்தப் படங்களின் மூலமந்திரம். தாமதம் உண்மைதான். ஆனால் தாமதத்தில் காய்ந்தது யார்? 1992 ஜூனில் வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் நுழைந்தன. பதினெட்டுப் பெண்கள் வன்புணர்ச்சி செய்யப்பட்டார்கள். 2011 செப்டம்பரில்தான் தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். அந்தப் பழங்குடிப் பெண்கள் துப்பாக்கி தூக்கவில்லை. கோர்ட்டுப் படியேறி, அடையாள அணிவகுப்பில் நின்று, விரல் நீட்டிக் காட்டினார்கள். நீதிக்குப் பொறுமையில்லை என்று திரையில் கொதிக்கிறவன் சம்பளமும் சீருடையும் உள்ளவன். பத்தொன்பது வருசம் பொறுத்தவர்கள் எல்லாம் பறிகொடுத்தவர்கள். இதில் யாருடைய நடையில் ஸ்டைல் இருக்கிறது, சொல்லுங்கள்.

ஹைதராபாத்தை மறந்துவிடாதீர்கள். 2019 டிசம்பர் 6. ஒரு பெண் மருத்துவரைக் கெடுத்துக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நாலு பேர், சம்பவ இடத்துக்கு அழைத்துப்போன விடியற்காலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். லாரி ஓட்டிகள், கிளீனர்கள். போலீஸ் மேல் ஜனங்கள் பூத்தூவினார்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்தது கொடூரம்; அதற்கு நீதி வேண்டும் என்பதில் நமக்கு ரெண்டாம் பேச்சில்லை. அந்த நீதி என்ன ஆனது? உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளிவந்தது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், பத்து போலீசார் மேல் கொலை விசாரணை நடக்க வேண்டும், செத்தவர்களில் மூணு பேர் பதினெட்டு நிரம்பாதவர்கள் என்றது. பூத்தூவிய கைகள் அந்த அறிக்கையைப் புரட்டினவா? அந்தப் பூவை எங்கே கற்றுக்கொண்டார்கள் என்றால், தியேட்டரில்தான். கட்-அவுட்டுக்குத் தூவிய பூ அது.

‘தங்கப்பதக்கம்’ 1974இல் வந்தது. சிவாஜி, எஸ்.பி. சௌத்ரி, பெற்ற மகனையே சுடுகிறார். அழுது புரண்டு, பக்கம் பக்கமாய் வசனம் பேசித்தான் அங்கே ஒரு தோட்டா வெளியே வர முடிந்தது. கொலைக்கு அத்தனை நியாயம் சொல்ல வேண்டியிருந்த காலம். இங்கே அந்த வசனத்தின் இடத்தில் கறுப்புக் கண்ணாடி. இன்னொரு வேடிக்கை: 2010இல் ‘சிங்கம்’ வந்தபோது நம் அறிவுஜீவிகள் சிரித்தார்கள், கத்துகிறான், பறக்கிறான், பி-சென்டர் படம் என்று. அதே சூர்யா, அதே காக்கி. அன்புச்செல்வன் மெதுவாய், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து பேசுவதால் ‘மெச்சூர்டு ஃபிலிம்’. கொலையில் ஏ-சென்டர் கொலை, பி-சென்டர் கொலை என்று ரெண்டு உண்டா? ரசனைக்கும் வர்ணம் பிரித்து வைத்திருக்கிறோம்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார்: அப்படியானால் ஸ்டைலே வேண்டாமா? கறுப்பு வெள்ளையில், ஆடாத காமிராவில், வறுமையைப் படமெடுத்தால்தான் முற்போக்கா? இல்லவே இல்லை. செருப்புப் போட்டுத் தெருவில் நடக்கக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது, மீசை முறுக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட ஜனத்துக்கு ஸ்டைல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பேத்கர் கோட்டு மாட்டியது அலங்காரத்துக்கா? ‘கபாலி’யில் (2016) ரஜினி கோட்டு போட்டுக்கொண்டு காந்தி உடையையும் அம்பேத்கர் உடையையும் பற்றிப் பேசியபோது எங்கள் பக்கத்துத் தியேட்டரில் காலனிப் பையன்கள் சீட்டு மேல் ஏறி நின்றார்கள். அதுவும் ஸ்டைல்தான். அந்தப் படத்தில் சண்டை கொஞ்சம் குறைந்திருந்தால் எனக்குப் பிடித்திருக்கும், அது வேறு விசயம். நாம் கேட்பது ஸ்டைல் அதிகமா குறைச்சலா என்பதில்லை. அந்தக் கோட்டு ஒரு உடம்பை நிமிர்த்துகிறது. அந்த நீல வெளிச்சம் ஒரு உடம்பை மறைக்கிறது.

‘விசாரணை’யைப் (2016) பாருங்கள். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை எழுதிய ‘லாக்கப்’ நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்தது. அதிலும் வெளிச்சம், நிழல், வெட்டு எல்லாம் உண்டு. கிஷோருக்குப் படத்தொகுப்புக்காகத் தேசிய விருதே கிடைத்தது. ஆனால் காமிரா அடி வாங்குகிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று அவனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. இடத்தை மாற்றி உட்கார்ந்ததும் அதே தொழில்நுட்பம் வேறு பேச்சுப் பேசுகிறது.

நல்ல எண்ணத்தோடு எடுத்தாலும் சறுக்குவதுண்டு. ‘வேட்டையன்’ (2024) என்கவுன்டருக்கு எதிரான படம். ‘ஜெய் பீம்’ எடுத்த த.செ. ஞானவேல்தான் இயக்குநர், அவர் நோக்கத்தைச் சந்தேகிக்க எனக்கு நாக்கு வராது. சுட்டுக் கொன்ற ஏழைப்பையன் குற்றவாளியே இல்லை என்று அதிகாரிக்குப் பிறகு தெரியவருகிறது. ஆனால் அதற்குள் ரஜினி என்கவுன்டர் ஸ்பெஷலிஸ்டாக வந்து இறங்கியாகிவிட்டது, விசில் அடித்தாகிவிட்டது, பேப்பர் பறந்தாகிவிட்டது. பின்பாதியில் வரும் குற்ற உணர்ச்சிக்கு அந்த விசிலைத் திருப்பி வாங்குகிற பலம் இல்லை. இங்கேதான் நிஜமாகவே உருவம் உள்ளடக்கத்தை அமுக்கிவிட்டது என்பேன். மாணவத் தோழர்கள் தங்கள் வாக்கியத்தை இந்தப் படத்துக்குச் சொல்லியிருந்தால் சரியாயிருக்கும். ‘காக்க காக்க’வில் அமுக்கப்பட எதுவுமில்லை, அங்கே ரெண்டும் கூட்டாளிகள்.

அடுத்த திரையிடலுக்கு ஒரு வேலை சொல்கிறேன். படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சுடப்படுகிறவன் முகம் எத்தனை வினாடி திரையில் நிற்கிறது, சுடுகிறவன் முகம் எத்தனை வினாடி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பேர் உள்ளவர்கள் எத்தனை பேர் செத்தார்கள், பேர் இல்லாதவர்கள் எத்தனை என்று இன்னொரு பத்தியில். அப்புறம் ‘உள்ளடக்கம் வீக்’ என்று எழுத முடிந்தால் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அண்ணனுக்கு இப்போது நாற்பத்து மூணு. கொத்தனார் ஆகிவிட்டான். மழைக்காலத்தில் உள்ளங்கால் மரத்துப்போகும், சாரத்தில் ஏறமாட்டான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது டிவியில் ‘காக்க காக்க’ ஓடியது. காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவையும் எழுதப்போகிற எனக்குப் பொறுக்கவில்லை. ‘இன்னமும் எப்படிண்ணே இத பாக்குற?’ என்றேன். திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்: ‘இதுல போலீசு அழகா இருக்கான்டா.’

கொஞ்ச நேரம் கழித்து, ‘நீ ஒருவாட்டி போட்டுக் காமிச்சியே, அந்த விசாரணை. அத பாதியிலயே நிறுத்திட்டேன்’ என்றான். விளம்பரம் வந்தது. சவுண்டைக் குறைத்துவிட்டு, காலை மடக்கிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டான். படம் திரும்பியதும் சவுண்டைக் கூட்டினான்.